எல்லாக் கிறிஸ்தவப் பாட்டும் ஏன் ஒரே மாதிரி இருக்கிறது? குமரி மாவட்ட நண்பர்கள் பேசுங்கள்

மயிலாடி_வாசகன்

வெகுநாளாக மனதில் கிடக்கும் விஷயம். இப்போது வருகிற கிறிஸ்தவப் பாட்டுகளில் பத்தை எடுத்து வரிசையாகப் போட்டுக் கேளுங்கள். எது எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே தொடங்கியது என்று சொல்ல முடிகிறதா பாருங்கள். முதலில் கீபோர்டில் ஒரு நீளமான இழுப்பு, அதன் மேல் எதிரொலி கட்டிய கிட்டார். மெல்லிய குரலில் நாலு வரி. டிரம்ஸ் நுழைந்ததும் பல்லவி. அப்புறம் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப ஏற்றிக்கொண்டே போவார்கள். சட்டென்று எல்லாம் நின்று குரல் மட்டும் கேட்கும். மறுபடி டிரம்ஸ்.

வார்த்தைகளும் அப்படித்தான். நீர் நல்லவர், என்னை நடத்தினீர், கண்ணீரைத் துடைத்தீர், சத்துருவுக்கு முன் உயர்த்தினீர். ஒவ்வொன்றும் உண்மை, வேதத்தில் இருப்பவைதான். ஆனால் பாடுகிறவர் எந்த ஊர்க்காரர், என்ன வேலை பார்க்கிறார், எதற்காக அழுதார் என்று பாட்டிலிருந்து ஒன்றும் தெரிவதில்லை. மார்த்தாண்டத்தில் எழுதியதா, சென்னையில் எழுதியதா, சிட்னியில் எழுதியதா? கேட்டால் பிரிக்க முடியவில்லை.

இது நம் ஊர் நோய் மட்டும் இல்லை. அமெரிக்காவில் இந்த வகை இசை 1960களின் கடைசியில், ஹிப்பி இளைஞர்கள் மத்தியில் எழுந்த இயேசு இயக்கத்தோடு பிறந்தது. 1969இல் லேரி நார்மன் வெளியிட்ட இசைத்தட்டைத்தான் பலர் முதல் கிறிஸ்தவ ராக் இசைத்தட்டு என்கிறார்கள். அந்த ஆண்டுகளில் அவர் நிறவெறியையும் போரையும் பற்றி நேராகவே பாடினார். பிறகு அது பெரிய வியாபாரம் ஆனது. ஸ்பேரோ என்ற கிறிஸ்தவ இசை நிறுவனத்தை 1992இல் இ.எம்.ஐ. வாங்கியது. இன்றைய நிலைமைக்கு ஒரு கணக்கு இருக்கிறது. 2010 முதல் 2020 வரை சபைகளில் அதிகம் பாடப்பட்ட பாட்டுப் பட்டியல்களில் புதிதாக ஏறிய 38 பாட்டுகளை ஆராய்ந்தார்கள். அவற்றில் 36 பாட்டுகள் நான்கே பெரிய சபைகளோடு தொடர்புடையவை: சிட்னியின் ஹில்சாங், கலிபோர்னியாவின் பெத்தேல், வட கரோலினாவின் எலிவேஷன், அட்லாண்டாவின் பேஷன். உலகம் முழுக்க ஆராதனை எப்படி ஒலிக்க வேண்டும் என்பதை நாலு மேடைகள் முடிவு செய்கின்றன. நாம் அதைத் தமிழில் வாங்கி வைத்துக்கொள்கிறோம்.

நாம் வெறுங்கையோடு இருந்தவர்கள் இல்லையே என்பதுதான் என் ஆதங்கம். 1806இல் ரிங்கல்தௌபே என்ற மிஷனரி வந்த மண் இது. 1809இல் மயிலாடியில் ஆலயம் எழுந்துவிட்டது. மயிலாடிக்காரரான ஜான் பால்மர் 19ஆம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தாயனம் என்று காவியம் பாடினார். மார்பை மறைத்துத் தோள்சீலை போடும் உரிமைக்காக நம் பாட்டிமாரின் பாட்டிமார் அடிபட்டு, 1859இல் அரசு ஆணை வாங்கிய மாவட்டம் இது. விடுதலை என்று நம் பாட்டுகளில் எத்தனை தடவை வருகிறது! அந்த விடுதலையைப் பற்றி ஒரு வரி இருக்கிறதா?

மேற்கத்திய இசைக் கருவிகள் வேண்டாம் என்று சொல்லவில்லை. பாடுகிறவர்களின் பக்தியையும் சந்தேகப்படவில்லை. ஏன் இப்படி ஆனது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தக்கலை_கீபோர்டு

நான் இந்தத் தொழிலில் இருப்பவன். கிறிஸ்தவப் பாட்டுகளுக்கு இசை அமைத்துக் கொடுத்துதான் வீடு நடக்கிறது. அதனால் உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

ஒரு சகோதரர் வருவார். போனில் முணுமுணுத்துப் பதிவு செய்த மெட்டு ஒன்று இருக்கும். கூடவே ஒரு யூடியூப் பாட்டைக் காட்டி, "இதே மாதிரி வேணும் பிரதர்" என்பார். தொழிலில் இதை ரெஃபரன்ஸ் என்போம். அந்தப் பாட்டும் இன்னொரு பாட்டை ரெஃபரன்ஸாக வைத்துச் செய்ததுதான். அதற்கு முந்தையதும் அப்படியே. நான் வேறு மாதிரி ஏதாவது வாசித்துக் காட்டினால் அவருக்குப் பயம் வந்துவிடும். சீட்டுப் பிடித்தோ நகையை அடகு வைத்தோ கொண்டுவந்த பணம் அது. ஓடுகிற பாட்டு மாதிரி இருந்தால்தான் இதுவும் ஓடும் என்று நினைக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்தப் பணத்தில் தபேலாவுக்கு ஒரு ஆள், வயலினுக்கு ஒரு ஆள் என்று கூப்பிட முடியாது. கணினியில் இருக்கும் சாம்பிள் ஒலிகள்தான். போன பாட்டுக்குச் செய்துவைத்த அமைப்பையே திறந்து, சுருதியை மாற்றி, வேகத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்து, புது மெட்டை அதற்குள் உட்கார வைப்போம். அவசரம் என்றால் எல்லாரும் இதைத்தான் செய்கிறார்கள். குரலின் பிசிறுகளைச் சரிசெய்ய ஆட்டோ டியூன் உண்டு. அதில் குரல் நேராகிவிடும், அந்த ஆளின் குரலுக்கென்று இருந்த நெளிவும் போய்விடும்.

அப்புறம் அந்த நாலு கார்டு, அதாவது சேர்த்து அழுத்தும் சுரக் கூட்டுகள். சி, ஜி, ஏ மைனர், எஃப். கீபோர்டு தொட்டவர்கள் எல்லாருக்கும் தெரியும். இதை ஏன் எல்லாரும் பிடித்துக்கொள்கிறார்கள் என்றால், இந்தச் சுற்றுக்கு முடிவு என்று ஒன்று தேவையில்லை. எஃப்பில் நின்றதும் மறுபடி சி அழைக்கும். போதகர் ஜெபித்து முடிக்கும்வரை, சாட்சி சொல்லி முடிக்கும்வரை, பின்னால் சுற்றிக்கொண்டே இருக்கலாம். ஆராதனைக்கு அது மிகவும் வசதி. ஆனால் செஞ்சுருட்டி ராகத்தில் ஒரு மெட்டை எடுத்து இதன் மேல் வைத்துப் பாருங்கள், இடிக்கும். ராகம் நிற்க நினைக்கிற இடத்தில் கார்டு நிற்காது. அந்தச் சண்டையில் எப்போதும் வளைந்து கொடுப்பது மெட்டுதான். கமகம் என்கிற சுர அசைவு போய், நேர்கோடாக நாலு சுரம் மிஞ்சும்.

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை வாசிக்கிற பையன்கள் யூடியூப் பார்த்துக் கற்றவர்கள். இரண்டே நாளில் எடுத்துவிடக்கூடிய பாட்டைத்தான் சபை எடுக்கும். கஷ்டமான பாட்டு செய்தால் அது யூடியூபோடு நின்றுவிடும்.

குலசேகரம்_மழை

ஒரு விஷயம் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். என் அம்மா டயாலிசிஸுக்குப் போய்வந்த நாட்களில், நீங்கள் சொல்லும் இந்த மாதிரிப் பாட்டுகளைத்தான் காதில் போட்டுக்கொண்டு படுத்திருப்பார்கள். ஊசி போடும்போது உதடு அசையும். அவர்களுக்குக் கார்டும் தெரியாது, ராகமும் தெரியாது. எளிமையான வரி, திரும்பத் திரும்ப வரும் வரி, அதுதான் வலிக்குள் நின்றது. பாட்டு தேவனுக்கு. நாம் உட்கார்ந்து மதிப்பெண் போடுவதற்கு இல்லை.

மயிலாடி_வாசகன்

சகோதரி, உங்கள் அம்மாவைத் தாங்கிய பாட்டை நான் ஒருநாளும் இளக்காரமாகப் பேசமாட்டேன். எளிமை குறை என்றும் சொல்லவில்லை. திரும்பத் திரும்பப் பாடுவதும் குறையில்லை. 136ஆம் சங்கீதத்தில் ஒவ்வொரு வசனத்தின் முடிவிலும் அவர் கிருபை என்றுமுள்ளது என்றுதானே வருகிறது?

நான் கேட்பது வேறு. அதே 136ஆம் சங்கீதத்தில், திரும்ப வரும் அந்த வரிக்கு முன்னால் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு சம்பவம் வருகிறது. செங்கடல், வனாந்தரம், ராஜாக்களின் பெயர்கள். பாடியவர்களுக்கு எந்தக் கிருபை, எங்கே கிடைத்தது என்று தெரிந்திருந்தது. இப்போது அந்த முன்பாதி காணாமல் போய், பின்பாதி மட்டும் சுற்றுகிறது.

இன்னொன்றும் பாருங்கள். 150 சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முறையீடுகள். எதுவரைக்கும் கர்த்தாவே என்று கேட்கிறவை. 88ஆம் சங்கீதம் ஆறுதல் வார்த்தை ஒன்றும் இல்லாமலே முடிந்துவிடுகிறது. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். இன்று வரும் ஆல்பங்களில் அழுகை இரண்டாவது சரணத்தில் வந்தால், அதே சரணத்தின் முடிவில் துடைக்கப்பட்டாக வேண்டும். இன்னும் துடைக்கப்படாத கண்ணீரோடு வந்து பின்வரிசையில் உட்காருகிறவருக்கு நாம் என்ன பாட்டு வைத்திருக்கிறோம்?

குழித்துறை_தமிழாசிரியை

பள்ளியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவள். பாடகர் குழுவில் இன்னும் இருக்கிறேன். இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

முதலாவது, கடன் வாங்குவது குற்றம் இல்லை. அதில் எல்லாரும் தெளிவாக இருப்போம். திருச்சபை எப்போதும் கடன் வாங்கித்தான் பாடியது. பெரிய வெள்ளிக்கிழமை உலகம் முழுக்கப் பாடுகிற ஒரு ஞானப்பாட்டின் மெட்டு, 1601இல் ஹாஸ்லர் என்ற ஜெர்மானியர் ஒரு காதல் பாட்டுக்குப் போட்டது. நம் வேதநாயகம் சாஸ்திரியார் குறவஞ்சி என்ற வடிவத்தையே எடுத்துப் பெத்லகேம் குறவஞ்சி பாடினார். கோவில்களிலும் அரண்மனைகளிலும் ஆடிய வடிவம் அது. எடுத்த பிறகு என்ன செய்தார் என்று பாருங்கள். குறத்தி வருகிறாள், குறி சொல்கிறாள், மலைவளம் பாடுகிறாள், எல்லாம் பெத்லகேமுக்குப் போய்ச் சேருகிறது. வாங்கியதை வாங்கியபடி வைத்திருந்தால் இன்று அவர் பெயரை யார் சொல்லப் போகிறார்கள்?

அவரைப் போன்றவர்கள் எழுதிய கீர்த்தனைகள் சபைக்குள் வந்ததற்கும் ஒரு கதை உண்டு. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப், 1853இல் தமிழ்க் கீர்த்தனைகளைத் திரட்டி அச்சிட்டார். சாஸ்திரியாரின் பாட்டுகள்தான் அதில் முக்கியமானவை. மொழிபெயர்த்த ஞானப்பாட்டுகளை எவ்வளவு இழுத்தாலும் நம் ஜனங்கள் வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறார்கள், கீர்த்தனை என்றால் கூரை அதிரப் பாடுகிறார்கள் என்பது அந்தக் காலத்திலேயே தெரிந்துவிட்டது.

இரண்டாவது, என் தொழில் சார்ந்தது. தமிழில் குறிலும் நெடிலும் உயிர்நாடி. ஆங்கிலப் பாட்டின் மெட்டை அப்படியே வைத்துக்கொண்டு தமிழ் வரியை உள்ளே திணிக்கும்போது குறில் இழுபடுகிறது, நெடில் நசுங்குகிறது. இப்போது நேராகத் தமிழில் எழுதுகிற பிள்ளைகளும் மனதில் அந்த ஆங்கில ஓட்டத்தை வைத்துக்கொண்டுதான் எழுதுகிறார்கள். எதுகை இல்லை, மோனை இல்லை. ஒவ்வொரு வரி முடிவிலும் "ஐயா" அல்லது "நீரே" போட்டு அளவைச் சரிக்கட்டுகிறார்கள். ஒரு வரியை இன்னொரு பாட்டில் கொண்டுபோய் வைத்தாலும் வித்தியாசம் தெரியாமல் இருப்பதற்கு இதுதான் காரணம் என்பேன்.

பழையது எல்லாம் பொன் என்று நான் சொல்லவில்லை. அந்தக் காலத்திலும் சப்பென்ற பாட்டுகள் நிறைய இருந்திருக்கும். நல்லவற்றைத்தான் ஜனங்கள் பாடிக் காப்பாற்றினார்கள். புத்தகத்தில் ஒவ்வொரு கீர்த்தனைக்கும் மேலே ராகமும் தாளமும் அச்சிட்டிருக்கிறதே, அதைப் பார்த்துப் பாடத் தெரிந்தவர்கள் இப்போது நம் சபைகளில் எத்தனை பேர்? அதைக் கற்றுக்கொடுக்காமல் விட்டது எங்கள் தலைமுறை. பிள்ளைகளை மட்டும் திட்ட முடியாது.

முட்டம்_கடற்கரை

நாங்கள் கத்தோலிக்கர்கள். எங்கள் பக்கமும் இதே கதைதான். பெந்தெகொஸ்தே பாட்டா, எங்கள் தியான மையப் பாட்டா என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியாது.

இத்தனைக்கும் எங்களுக்கு மேலிடத்திலிருந்தே அனுமதி உண்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாட்டு ஏட்டின் 119ஆம் பத்தி, மறைபரப்பு நாடுகளில் மக்களுக்கு என்று சொந்த இசை மரபு இருந்தால் அதற்கு உரிய மதிப்பும் இடமும் தர வேண்டும் என்கிறது. உரிய இடம் தந்தோமா? இந்த மாவட்டத்தில் களியல் ஆட்டம் இருக்கிறது. கையில் கோலோடு வட்டமாக நின்று, ஆசான் பாட, தாளம் முடுக்க முடுக்க ஆடுவது. வேதக் கதைகளையே களியல் பாட்டாகப் பாடியிருக்கிறார்கள். இன்று திருவிழா கலை நிகழ்ச்சியில் பத்து நிமிடம் அதற்கு ஒதுக்குகிறோம். திருப்பலிக்குள் வருவது கீபோர்டு டிராக்.

நான் சொல்ல வந்தது இது இல்லை. புயல், அலை, படகு, கரை. இந்த நாலு வார்த்தையும் இல்லாமல் ஒரு கிறிஸ்தவ ஆல்பம் வருகிறதா? மேட்டில் இருந்துகொண்டு எழுதுகிறவர்களுக்குப் புயல் என்றால் வேலை கிடைக்காதது, கல்யாணம் தள்ளிப்போவது. 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை. ஆழ்கடலுக்குப் போனவர்கள் எத்தனை பேர் திரும்பவில்லை! உடல்கூடக் கிடைக்காமல் அடக்கத் திருப்பலி வைத்த வீடுகள் உண்டு. அந்த வீட்டுப் பெண்ணின் முன்னால் நின்று "புயலை அதட்டினீர், என் படகைக் கரை சேர்த்தீர்" என்று எப்படிப் பாடுவது? பாடினார்கள். நினைவுத் திருப்பலியில் அதையே பாடினார்கள். அந்த நேரத்துக்கு என்று வேறு பாட்டு யாரிடமும் இல்லை.

அன்றைக்கு உண்மையாக இருந்தது, பாட்டு முடிந்தபிறகு கிழவிகள் வைத்த ஒப்பாரிதான். அதில் மாதாவைக் கூப்பிட்டார்கள், மகன் பெயரைச் சொன்னார்கள், வள்ளத்தின் பெயரைச் சொன்னார்கள், கடலைத் திட்டினார்கள். அதுவும் ஜெபம்தானே?

தக்கலை_கீபோர்டு

அண்ணே, இதைப் படித்தபிறகு இன்றைக்கு வேலையில் உட்காரவே முடியவில்லை. நானும் அந்த மாதிரிப் புயல் பாட்டுகள் நிறையவே செய்து கொடுத்திருக்கிறேன்.

பேஸ்_கிட்டார்_தம்பி

எல்லாரும் பெரியவர்கள். ஒரு இளைஞனாக என் பக்கத்தையும் கேளுங்கள்.

நாங்கள் புதிதாக எழுதுவதில்லை என்கிறீர்கள். எழுதினால் என்ன நடக்கிறது தெரியுமா? நான் மலையோரப் பையன். அம்மா ரப்பர் பால் வெட்டுக்குப் போகிறவர்கள். அதை வைத்து ஒரு பாட்டு எழுதி, ஒரு சபையின் இளைஞர் விழாவுக்குக் கொடுத்தேன். கமிட்டியில் படித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு தம்பி, ஆனா இது ஆராதனைப் பாட்டு மாதிரி இல்லையே" என்றார்கள். ரப்பர், பால் பிடிக்கிற சிரட்டை எல்லாம் ஆலயத்துக்குள் எப்படிப் பாடுவது என்று ஒரு அண்ணன் கேட்டார். கடைசியில் எல்லாரும் பாடுகிற பாட்டையே பாடினோம். ஆலயம் நிறையக் கைதட்டல்.

யூடியூபிலும் இதுதான். தெரிந்த பாட்டை நாங்கள் பாடி கவர் என்று போட்டால் ஆயிரக்கணக்கில் பார்க்கிறார்கள். சொந்தப் பாட்டு போட்டால் சொந்தக்காரர்கள் பார்க்கிறார்கள். கவர் போட்டால் சில நேரம் உரிமை கேட்டு நோட்டீஸ் வேறு வருகிறது. ஆலயத்தில் பாடலாம், யூடியூபில் போட்டால் ஏன் பிரச்சினை என்று இன்னும் புரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தக்கலை_கீபோர்டு

தம்பி, இது எனக்குத் தெரியும். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் விதிவிலக்குகள் இருக்கின்றன. உண்மையான மதச் சடங்கின் பகுதியாக ஒரு பாட்டைப் பாடினால் அது மீறல் ஆகாது. அதனால் ஆராதனையில் பாடலாம். அதைப் பதிவு செய்து உலகத்துக்கு வெளியிடுவது வேறு, அதற்கு உரிமையாளரின் அனுமதி வேண்டும். யூடியூபில் ஒரு இயந்திரமே ஒப்பிட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்கிறது. அவர்களிடம் இருக்கும் மூலப் பதிவோடு உங்கள் மெட்டு ஒத்துப்போனால் வருமானம் உரிமையாளருக்குப் போகலாம்.

பாட்டு எழுதியவர் இறந்து 60 ஆண்டு முடிந்தபிறகு பாட்டு பொதுச்சொத்து. 1864இல் காலமான சாஸ்திரியாரின் கீர்த்தனைகளுக்கு யாரும் உரிமை கோர முடியாது. யாராவது பாடி வெளியிட்ட பதிவுக்குத் தனி உரிமை உண்டு, அதை மட்டும் எடுக்கக்கூடாது. நீங்களே பாடி, நீங்களே வாசிக்கலாம். இவ்வளவு பெரிய சொத்து பூட்டில்லாமல் கிடக்கிறது, யாரும் உள்ளே போவதில்லை.

கிராமத்து_ஆயர்

நான் ஒரு சிறு சபையின் ஆயர். அமைதியாகப் படித்துக்கொண்டிருந்தேன், தம்பி சொன்ன கமிட்டி விஷயத்துக்காகத்தான் எழுதுகிறேன்.

மதுரை அரசரடியில் இருக்கும் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஜேம்ஸ் தியோபிலஸ் அப்பாவு என்ற பேராசிரியர் இருந்தார். பறட்டை என்றுதான் எல்லாரும் அழைப்பார்கள். 2005இல் காலமானார். ஒரு முழு வழிபாட்டு முறையையே கிராமிய இசையில் அமைத்தவர். பாவ அறிக்கை முதல் நற்கருணை வரை நாட்டுப்புற மெட்டு, பேச்சுத் தமிழ். அவர் வலியுறுத்தியதில் ஒன்று எனக்கு இன்றும் வழிகாட்டுகிறது. கிராமிய இசையை ஏழை ஜனங்கள் தங்களுக்கு வேண்டியபடி மாற்றிப் பாடிக்கொள்ளலாம். மெட்டு அவர்கள் கையில் இருக்கும். கர்நாடகக் கீர்த்தனைக்கு ஒரு வித்துவான் வேண்டும். மேற்கத்திய ஞானப்பாட்டுக்கு ஒரு ஆர்கன் வேண்டும். இன்றைய பாட்டுக்கு ஒரு ஸ்டுடியோ வேண்டும்.

அதனால் டீச்சர் கீர்த்தனையைப் பற்றிச் சொன்னதோடு நான் ஒன்றைச் சேர்க்க வேண்டும். கீர்த்தனை எல்லாருக்கும் சொந்தமாக இருக்கவில்லை. பறை என்ற கருவியை நாம் எத்தனை காலம் ஆலய வாசலுக்கு வெளியே நிறுத்தினோம்? சாவுக்கு அடிப்பது, அது இன்னாருடையது என்றோம். அதற்குப் பின்னால் இருந்தது சாதி. ஞானஸ்நானம் பெற்ற பிறகும் விடாத சாதி. கிட்டாரை ஒரு கேள்வியும் கேட்காமல் பீடத்தின் பக்கத்தில் வைத்தோம், பறைக்கு இன்னும் கமிட்டி கூடுகிறது. ரப்பரும் சிரட்டையும் ஆலயத்துக்குள் எப்படி என்று கேட்ட அந்த அண்ணன் கேட்டதும் அதே மாதிரிக் கேள்விதான். கூலி வேலையின் வாசனை உள்ளே வரக்கூடாது என்கிற எண்ணம். அது இருக்கும்வரை ஒரே மாதிரிப் பாட்டுதான் வரும், ஏனென்றால் அந்தப் பாட்டில் யாருடைய வாசனையும் இல்லை, யாருக்கும் சங்கடம் இல்லை.

தம்பி, அந்தப் பாட்டை இங்கே போடுங்கள். என் சபையில் பாதிக் குடும்பங்கள் வெட்டுக்குப் போகிறவர்கள்.

குலசேகரம்_மழை

ஆமாம், போடுங்கள் தம்பி. எங்கள் வீட்டிலும் வெட்டுதான்.

பேஸ்_கிட்டார்_தம்பி

கேட்டதற்கு நன்றி. இரண்டு சரணம் மட்டும் போடுகிறேன்.

மழை விடாத மாசமாக்கும் ஆண்டவரே – எங்கம்மா
மரத்துப் பக்கம் போயி நாளு ஆகுதே
சிரட்டையெல்லாம் தண்ணி ரொம்பிக் கிடக்குதே
சீட்டுக்காசு கேட்டு வாசல் தட்டுதே

நாளைக்கென்று கலங்காதே என்றீரே – அந்த
நாளை இன்னும் விடியலையே ஆண்டவரே
தலைவிளக்கு வெளிச்சத்துக்கு அப்பாலே – இருட்டில்
தடம் தெரியா இடம் வரைக்கும் வாருமே

குழித்துறை_தமிழாசிரியை

மக்ளே, இதையா வேண்டாம் என்றார்கள்!

மழை – மரம், சிரட்டை – சீட்டு, நாளை – நாளை, தலை – தடம். மோனை தானாகவே வந்து விழுந்திருக்கிறது. காதில் ஊறிய தமிழ் இது. பால் நிற்க வேண்டிய சிரட்டையில் தண்ணீர் நிற்பதை ஒரே வரியில் காட்டிவிட்டீர்கள். மத்தேயு ஆறாம் அதிகாரத்தை வைத்துக்கொண்டே ஆண்டவரிடம் கேள்வி கேட்கிறீர்கள், அதுதான் சங்கீதக்காரன் செய்தது.

ஒரே ஒரு திருத்தம். சீட்டுக்காசு எப்படி வாசலைத் தட்டும்? "சீட்டுக்காரி வந்து வாசல் தட்டுறாளே" என்று வைத்துப் பாருங்கள். ஆள் வந்து நின்றால் பயம் கூடும். இன்னொன்று, முதல் சரணம் பேச்சு வழக்கில் இருக்கிறது, இரண்டாவதில் "என்றீரே" என்று எழுத்து வழக்கு வருகிறது. அதை மாற்றாதீர்கள். அங்கே வேத வசனம் பேசுகிறது, அப்படியே இருக்கட்டும்.

மயிலாடி_வாசகன்

நான் கேட்ட கேள்விக்கு இதைவிட நல்ல பதில் கிடைக்காது. இதற்கு மூன்றாவது சரணம் உண்டா? முடிவில் மழை நிற்கிறதா?

பேஸ்_கிட்டார்_தம்பி

டீச்சர், சீட்டுக்காரியை வைத்துக்கொள்கிறேன். வாசகன் அண்ணே, மூன்றாவது சரணம் எழுதியிருந்தேன், அதில் மழை நின்று பால் வந்துவிடும். கமிட்டிக்குப் பிடிக்கட்டும் என்று சேர்த்தது. எடுத்துவிடுகிறேன்.

முட்டம்_கடற்கரை

எடுத்துவிடு மக்கா. மழை நிற்காமலே பாடு. இது களியல் தாளத்துக்கு நன்றாக உட்காரும் என்று தோன்றுகிறது. எங்கள் ஊரில் வயதான ஆசான் ஒருவர் இருக்கிறார். மெதுவாகத் தொடங்கி முடுக்குகிற அடவு ஒன்றைப் பாடச் சொல்லி, போனில் பதிவு செய்து அனுப்புகிறேன்.

கிராமத்து_ஆயர்

சபையார் சேர்ந்து உண்ணும் எங்கள் அசனப் பண்டிகைக்கு முந்தின ஞாயிறு பாடலாம். நான் கமிட்டியில் பேசிக்கொள்கிறேன், அது என் பொறுப்பு.

தக்கலை_கீபோர்டு

தம்பி, நீங்கள் ஸ்டுடியோவுக்கு வர வேண்டாம். எந்தக் கருவியும் இல்லாமல் அம்மாவையும் பக்கத்து வீட்டுக்காரர்களையும் சேர்த்து உட்கார வைத்துப் பாடி, ஒரு போனில் எடுத்து அனுப்புங்கள். அவர்கள் எந்த சுருதியில் தொண்டை நோகாமல் பாடுகிறார்களோ, அதுதான் சுருதி. இப்போதைய பாட்டுகளை ஒரு ஆண் உச்சத்தில் கத்துவதற்கு ஏற்றபடி வைத்துவிடுகிறோம். சபையில் பெண்கள் கீழேயும் போக முடியாமல் மேலேயும் போக முடியாமல் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். முட்டத்து அண்ணன் அடவை அனுப்பட்டும், இரண்டையும் கேட்டபிறகு தாளத்தை முடிவு செய்வோம். எனக்குக் காசு வேண்டாம். ஆயர் ஐயா, உங்கள் சபையில் தவில் வாசிக்கிறவர் யாராவது உண்டா?